விரித்துக் காட்டாத புத்தகம்

சொந்தச் செலவில் புத்தகம் போட்டவர்களின் கேள்விகளுக்குப் பதிப்பு ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: இளம்பிள்ளையிலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். எங்கள் அப்பா குழித்தறியில் நெய்தவர். அண்ணன் தலையெடுத்தபோது வீட்டுக்கு விசைத்தறி வந்தது. தறி வீட்டில் வளர்ந்ததையும், ஊரில் நெசவு மாறிய விதத்தையும் 216 பக்கத்தில் எழுதி, சேலத்தில் ஓர் அச்சகத்தில் 500 பிரதி அடித்தேன். ஒரு பிரதிக்கு 110 ரூபாய் அடக்கம். விலை 250. வெளியீட்டு விழாவன்று 130 பிரதி போனது. அக்கா மகன் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். அவன்தான் விற்பனைக்கென்று ஓர் இணையதளம் செய்து கொடுத்தான். ஆறு மாதத்தில் அதன் வழியாகப் போனது 11 பிரதி. அதிலும் பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள் வாங்கியது. மீதியெல்லாம் தார் சுற்றும் அறையில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு 10,000 ரூபாய் போட்டால் நகரும் என்கிறான். போடலாமா? தளத்தில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: அந்த 10,000 ரூபாயை இப்போது எடுக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 ரூபாயில் அடக்கம் 110 கழிகிறது. தபாலுக்கு 25, உறைக்கும் அட்டைக்கும் 10. இணையத்தில் பணம் வாங்கித் தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும், அது 6. உங்கள் கையில் நிற்பது 99 ரூபாய். விளம்பரத்தைப் பார்த்து மட்டுமே 100 பேருக்கு மேல் வாங்கினால்தான் போட்ட காசு திரும்பும். இன்றுள்ள தளத்துக்கு ஆயிரம் பேரை அழைத்து வந்தாலும் அத்தனை பேர் வாங்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

உங்கள் தளத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் பார்ப்பார்கள். முதலில் கஞ்சமலைக்குப் பின்னால் சூரியன் உதிக்கும் படம் திரையை அடைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்தது. அடுத்து நல்வரவு. அடுத்து உங்கள் வாழ்க்கைக் குறிப்பு, நல்லாசிரியர் பாராட்டுகள், விழாவில் பொன்னாடை போர்த்தும் படங்கள். விரலால் தள்ளிக்கொண்டே போன பிறகுதான் புத்தகத்தின் அட்டை தெரிந்தது. அதன் கீழே ‘ஆர்டர் செய்ய’ என்று ஒரு பொத்தான். விலை போடவில்லை. தபால் செலவு யாருடையது என்றும் சொல்லவில்லை. பொத்தானைத் தொட்டால் பெயர், மின்னஞ்சல், செய்தி கேட்கும் படிவம் வருகிறது. நிரப்பி அனுப்பினால் ‘நன்றி’ என்று ஒரு சொல். பணத்தை எங்கே கட்டுவது, புத்தகம் எத்தனை நாளில் வரும், வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று எதுவும் தெரியவில்லை. வாங்க நினைத்தவர்கூட அந்த இடத்தில் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவார்.

இவை ஒரே நாளில் சரிசெய்யக்கூடியவை. பெரிய குறை வேறு. புத்தகத்தில் நீங்கள் எழுதியதில் ஒரு பத்திகூடத் தளத்தில் இல்லை. உங்கள் ஊரில் எந்தக் கடையிலாவது புடவையை மடிப்புக் கலைக்காமல் காட்டி விற்பார்களா? முந்தியை விரித்து, கரையை வெளிச்சத்தில் திருப்பி, ‘தொட்டுப் பாருங்கம்மா’ என்றுதானே கையில் கொடுக்கிறார்கள். வாங்காமல் போகிறவர்களுக்கும் விரித்துக் காட்டுகிறார்கள். நீங்கள் 216 பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டு அட்டையை மட்டும் காட்டுகிறீர்கள். அறிமுகமில்லாத ஒருவரிடம் 250 ரூபாய் கேட்க அது போதாது.

கடிதத்தோடு அனுப்பிய பிரதியை முழுக்கப் படித்தேன். நான்காம் அத்தியாயத்தில் கரண்ட் போகும் ஒரு மதியத்தை எழுதியிருக்கிறீர்கள். தெருவில் ஓடும் அத்தனை தறியும் ஒரே நொடியில் நிற்கின்றன. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர்கள் சத்தம் நின்றதை உணராமல் அதே குரலில் பேசிக்கொண்டே போக, ஒரு வீட்டின் கடன் விவகாரம் தெருவுக்கே கேட்டுவிடுகிறது. பாவு அறுந்த இடத்தில் குனிந்திருந்த உங்கள் அண்ணி நிமிர்ந்து பார்க்கிறார். விசைத்தறித் தெருவில் வளர்ந்தவர்களால் மட்டுமே எழுத முடிகிற பக்கங்கள் இவை. அந்த அத்தியாயத்தை முழுதாகத் தளத்தில் போடுங்கள். பாதியில் வெட்டி, ‘மீதியைப் படிக்க வாங்குங்கள்’ என்று தொங்கவிட வேண்டாம். முழுதாகப் படித்தவர்தான் அடுத்த அத்தியாயத்தைத் தேடுவார்.

போடும்போது ஒரு சிக்கல் வரும். அச்சகத்தில் உங்கள் புத்தகத்தைப் பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். அதிலிருந்து வெட்டித் தளத்தில் ஒட்டினால் தமிழ் வராது, குறிகளும் ஆங்கில எழுத்துகளும்தான் வரும். பின்னட்டைக் குறிப்பை உங்கள் அக்கா மகன் படமாகப் போட்டதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். படமாகப் போட்ட எழுத்து கூகுள் தேடலில் அகப்படும் என்று நம்பியிருக்க முடியாது. பார்வையற்ற வாசகருக்குக் கைப்பேசி அதைச் சரியாக வாசித்துக் காட்டும் என்றும் நம்ப முடியாது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருளில் கொடுத்து யூனிகோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள், கொம்பும் காலும் சில இடங்களில் தடம் மாறியிருக்கும். நீங்கள் ஆசிரியை, இந்த வேலையை உங்களைவிட நன்றாக யாரும் செய்ய மாட்டார்கள். மலைப் படத்தையும் அட்டைப் படத்தையும் 200 கேபிக்குள் சுருக்கச் சொல்லுங்கள். வேகத்தைச் சோதிக்கக் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் இலவசமாகவே இருக்கிறது.

அடுத்து தேடல். கூகுளில் ‘இளம்பிள்ளை’ என்று அடித்தால் புடவைக் கடைகள்தான் வரிசையாக வரும். அந்த வரிசையில் போய் நிற்க வேண்டியதில்லை. உங்கள் பக்கத்தின் தலைப்பில் இப்போது ‘ஹோம்’ என்று இருக்கிறது. அந்த இடத்தில் புத்தகத்தின் பெயர், உங்கள் பெயர், ‘இளம்பிள்ளை நெசவாளர் வாழ்க்கை’ என்பது போல ஒரு தொடர் இருக்கட்டும். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ‘இ’ எழுத்தில் தொடங்குகிறவர்களும் உண்டு, ‘ஐ’ எழுத்தில் தொடங்குகிறவர்களும் உண்டு. ஆங்கில அறிமுகம் ஒன்று எழுதி அதில் இரண்டு வடிவத்தையும் ஒரு முறையாவது சேர்த்துவிடுங்கள். பிறகு கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதியுங்கள். எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் உங்களிடம் வருகிறார்கள் என்பதை அது காட்டும்.

நான் மிகவும் மதிப்பது உங்கள் பின்னிணைப்பை. அச்சு, விழுது, நாடா, தார், பாவு, ஊடை என்று தறிச் சொற்களுக்குப் பொருள் எழுதியிருக்கிறீர்கள். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வந்தது. வட்டாரச் சொல்லைத் தேடி எடுத்துச் சேர்த்து வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அதைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். உங்கள் பட்டியலை அப்படியே இலவசமாகத் தளத்தில் ஏற்றுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அந்தப் பொருளின் படத்தை வையுங்கள். விழுதுக் கண்ணுக்குள் இழை நுழையும் இடம், அச்சுப் பல்லுக்கு இடையில் இழை வரும் இடம் எல்லாம் கிட்டத்தில் தெரிய வேண்டும். புகைப்படக்காரருக்குக் காசு செலவழிக்கலாம், அது விளம்பரத்தைவிட நீண்ட நாள் உழைக்கும். ‘பாவு பிணைத்தல்’ என்றால் என்ன என்று தேடும் கல்லூரி மாணவர் நேராக உங்கள் பக்கத்துக்கு வருவார். அதே படங்களில் சிலவற்றை விக்கிமீடியா காமன்ஸிலும் ஏற்றலாம். விக்கிப்பீடியாவில் உங்கள் புத்தகத்துக்கு நீங்களே விளம்பரம் எழுதாதீர்கள், நீக்கிவிடுவார்கள். படத்தைக் கொடுப்பது வேறு, அது எல்லோருக்கும் பயன்படும்.

பணம் வாங்குவதையும் அனுப்புவதையும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் புடவைப் படம் போட்டு, ஜிபேயில் பணம் வாங்கி, மறுநாளே பார்சல் கட்டி அனுப்பும் பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களில் ஒருவரோடு அரை நாள் உட்கார்ந்து, கேட்பவருக்கு எப்படிப் பதில் எழுதுகிறார், முகவரியை எப்படிச் சரிபார்க்கிறார், பார்சல் எண்ணை எப்போது அனுப்புகிறார் என்று கவனியுங்கள். தளத்தில் இருக்கும் ஆர்டர் படிவத்தை எடுத்துவிட்டு, ‘விலை 250 ரூபாய், இந்தியாவுக்குள் தபால் செலவு எங்களுடையது’ என்ற வரியையும், தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும் இணைப்பையும், யுபிஐ கியூஆர் கோடையும் வையுங்கள். யுபிஐயில் நேராக வாங்கினால் அந்த 6 ரூபாயும் மிச்சம். வாங்கியவர்களின் எண்களைச் சேர்த்துப் பிராட்காஸ்ட் அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் முதல் செய்தியிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லிக் கேளுங்கள். விருப்பமில்லாதவருக்கு அனுப்பாதீர்கள்.

தபாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிறு பதிப்பாளர்கள் பல ஆண்டுகளாக நம்பியிருந்த பதிவுப் புத்தகத் தபாலை அஞ்சல் துறை 2024 டிசம்பர் 18 அன்று நிறுத்தியது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய அடி. 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவை வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 500 கிராம் வரை 25, ஒரு கிலோ வரை 35, அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100. வரி தனி. தரைவழியாகத்தான் போகும், பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். உங்கள் புத்தகத்தை உறையோடு எடை போட்டேன், 300 கிராமைக் கொஞ்சம் தாண்டுகிறது. அதனால்தான் மேலே, வரியைச் சேர்க்காமல், 25 என்று கணக்கிட்டேன். ஆனால் இந்தச் சேவைக்குப் புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும், விளம்பரங்கள் இருக்கக் கூடாது. உங்கள் புத்தகத்தின் கடைசி எட்டுப் பக்கம் முழுக்க ஜவுளிக் கடைகளின் வாழ்த்து விளம்பரம். அச்சுச் செலவுக்கு உதவினார்கள் என்பது புரிகிறது. இருந்தாலும் கவுன்டரில் திருப்பிவிட இடமிருக்கிறது. இப்போதுள்ள பிரதிகளுக்குப் போஸ்ட் மாஸ்டரிடம் ஒரு பிரதியைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மறுபதிப்பில் அந்தக் கடைக்காரர்களுக்கு ஒரே பக்கத்தில் நன்றி சொல்லிவிட்டு விளம்பரங்களை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகே ஆட்களைக் கூப்பிட வேண்டும். யாரை? ‘தமிழர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய நூல்’ என்று தளத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள். இந்தப் புத்தகத்துக்காகவே காத்திருப்பவர்கள் மூன்று வகை. தறி வீட்டில் பிறந்து இன்று சென்னையிலோ பெங்களூரிலோ திருப்பூரிலோ இருப்பவர்கள். நெசவைப் படிப்பவர்கள், அதில் ஆய்வு செய்பவர்கள். உங்கள் ஊர்ப் புடவையை உடுத்துபவர்கள். இரண்டாம் வகையினர் சேலத்திலேயே இருக்கிறார்கள். 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் நூலகத்துக்கும் பெரியார் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்கும் ஒவ்வொரு பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். மூன்றாம் வகையினர் உங்களைத் தேடியே ஊருக்கு வருகிறார்கள். கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் புடவை எடுக்க வேன் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் கடையில் மணிக்கணக்கில் உட்கார்கிறார்கள். விளம்பரம் தந்த அந்தக் கடைகளின் கல்லாப் பக்கத்தில் இரண்டு பிரதி வைக்கச் சொல்லுங்கள். புடவைப் பையில் போட ஒரு புத்தகக் குறி அச்சிட்டுக் கொடுங்கள். ஒரு பக்கம் தறியின் படம், மறுபக்கம் கியூஆர் கோடு. அந்தக் கோடு முகப்புப் பக்கத்துக்குப் போகக் கூடாது, நேராக அந்த நான்காம் அத்தியாயத்துக்குப் போக வேண்டும். கட்டப்போகும் புடவை எப்படிப்பட்ட வீட்டில் நெய்யப்பட்டது என்று அன்றிரவே படித்துப் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள், 2015 முதல் கொண்டாடுகிறார்கள். மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழாவும் ஆகஸ்ட் மாதத்தை ஒட்டித்தான் வரும். பத்திரிகைகளும் பள்ளி, கல்லூரிகளும் நெசவைப் பற்றிப் பேச ஆளைத் தேடும் காலம் அது. ஜூலை முதல் வாரத்திலேயே தளம் தயாராக இருந்தால், பேசக் கூப்பிடுகிறவர்களுக்கு அனுப்ப ஓர் இணைப்பு உங்கள் கையில் இருக்கும்.

விழாவில் வாங்கிய 130 பேரையும் மறக்க வேண்டாம். கூப்பிட்டு, ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். ‘வீட்டில் யாருக்காவது எந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினீர்கள்?’ என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில்தான் விமர்சனம். அனுமதி வாங்கி அதைத் தளத்தில் போடுங்கள். பொன்னாடைப் படங்களை வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று. தளத்தின் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். அக்கா மகனுடைய கல்லூரி மின்னஞ்சலாக இருந்தால், படிப்பு முடிந்ததும் அந்த மின்னஞ்சல் போய்விடும், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டலும் உங்களுக்கு வராது. உங்கள் பெயருக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் மாற்றச் சொல்லுங்கள். பையன் நன்றாகத்தான் உழைத்திருக்கிறான், அவனிடம் இதைக் குறையாகச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: சொந்தமாகப் போட்ட புத்தகம் என்று தெரிந்தால் மதிக்க மாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு பதிப்பகத்தின் பெயரை நானே உருவாக்கித் தளத்தில் போட்டுக்கொள்ளலாமா? (நாமக்கல் வாசகர்)

பதில்: பெயர் வைத்துக்கொள்வதில் தவறில்லை. மறைக்க வேண்டும் என்று நினைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் பகுதியிலேயே முன்னோடி இருக்கிறார். சேலம் பகடால நரசிம்மலு நாயுடு கோயம்புத்தூரில் ‘கலாநிதி’ இதழும் அச்சுக்கூடமும் நடத்தி, தன் நூல்களைத் தானே அச்சிட்டு வெளியிட்டவர். அவருடைய ‘ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்’ 1889இல் வந்த தமிழ்ப் பயண நூல். இன்றும் ஆய்வாளர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள், பதிப்பகம் எது என்று கேட்டு யாரும் ஒதுக்கவில்லை.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, புத்தகம் வருமுன்பே வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டவர்களிடம் கையொப்பம் வாங்கினார். இன்று நாம் முன்வெளியீட்டுத் திட்டம் என்று சொல்வது அதுதான். பாரதியாரும் 1920இல் தன் எழுத்துகளைத் தானே வெளியிட ‘தமிழ் வளர்ப்புப் பண்ணை’ என்று ஒரு திட்டம் போட்டார். 40 புத்தகம், ஒவ்வொன்றும் 10,000 பிரதி, ஆக 4 லட்சம் பிரதி. அதற்காக நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். பணம் திரளவில்லை, மறு ஆண்டு செப்டம்பரில் அவரும் போய்விட்டார். அந்தச் சுற்றறிக்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர் கணக்கில் எண்ணிக்கை பெரிதாக இருந்தது. முன்கூட்டியே கையொப்பமிட்ட வாசகர்கள் இல்லை. உ.வே.சா.வின் வழியில் எண்ணிக்கை சிறியது, ஆனால் வாங்குகிறவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. புதிதாகப் புத்தகம் போடுகிறவர்களிடம் நான் உ.வே.சா.வின் வழியைத்தான் சொல்வேன். 500 அடித்துப் பெட்டியில் அடைப்பதற்குப் பதில், தளத்தில் முன்பதிவு திறந்து, வந்த எண்ணிக்கையோடு கொஞ்சம் சேர்த்து அடியுங்கள். பிரிண்ட் ஆன் டிமாண்டில் 50, 100 பிரதிகூட அடித்துத் தருகிறார்கள். ஒரு பிரதிக்கு அடக்கம் கூடும், ஆனால் முடங்கும் பணம் குறையும்.

நம் காலத்திலும் எழுத்தாளர் எஸ்.ராமகிருஷ்ணன் 2017இல் தேசாந்திரி பதிப்பகத்தைத் தொடங்கித் தன் நூல்களைத் தானே வெளியிடுகிறார். அவருக்குப் பல ஆண்டுகளாகச் சேர்ந்த வாசகர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு அவர்கள் இனிமேல்தான் சேர வேண்டும் என்பது உண்மை. சிற்றூரிலிருந்து விற்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் உடுமலைப்பேட்டையிலிருந்து இயங்கும் உடுமலை டாட் காமைப் பாருங்கள். தமிழ்ப் புத்தகங்களை இணையத்தில் விற்கத் தொடங்கிய முன்வரிசைக் கடைகளில் அது ஒன்று. உங்கள் தளத்தில் மட்டுமே விற்பேன் என்று பிடிவாதம் வேண்டாம், அதைப் போன்ற கடைகளுக்கும் கொடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கழிவு கேட்பார்கள். விலை வைக்கும்போதே அதை மனத்தில் வைத்து வையுங்கள். உங்கள் தளத்தில் மட்டும் பாதி விலைக்குத் தள்ளுபடி போட்டுக் கடைக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்காதீர்கள்.

நீங்கள் பதிப்பகப் பெயர் வைத்தால், தளத்தில் ‘எங்களைப் பற்றி’ பகுதியில் ‘ஆசிரியரே நடத்தும் பதிப்பகம்’ என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வாசகர் அதை மதிப்பார்.

கேள்வி: ஐஎஸ்பிஎன் எண் இல்லாமல் தளத்தில் விற்க முடியாது என்று சொல்லி, அதை வாங்கித் தர ஒருவர் 4,000 ரூபாய் கேட்கிறார். தரலாமா? (ராசிபுரம் வாசகி)

பதில்: தர வேண்டாம். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். கல்வி அமைச்சகத்தின் கீழ் தில்லியில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை வழங்குகிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தனி ஆசிரியருக்கும் தருவார்கள். எண் இல்லாமல் உங்கள் தளத்தில் விற்பதற்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் கடைகளும் நூலகங்களும் கேட்கும், அதனால் அச்சுக்குப் போகுமுன்பே வாங்கிவிடுங்கள். எண் கைக்கு வரக் கொஞ்ச நாள் பிடிக்கும், வெளியீட்டு விழாத் தேதியை அதற்குப் பிறகு குறியுங்கள்.

அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. இன்னொரு கடமையும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். சொந்தமாகப் போடுகிறவர்களில் அனுப்பாமல் விடுபவர்கள் பலர். அனுப்பிவிடுங்கள் அம்மா. நமக்குப் பிறகும் புத்தகம் பாதுகாப்பாக ஓரிடத்தில் இருக்கும்.

கேள்வி: என் கவிதை நூலைத் தளத்தில் பிடிஎஃபாக 60 ரூபாய்க்கு விற்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் கிண்டிலில் கேட்கிறார்கள். இரண்டிலும் வைக்கலாமா? (தாரமங்கலம் வாசகர்)

பதில்: வைக்கலாம், ஆனால் ஒரு கட்டத்தில் டிக் போடாமல் இருக்க வேண்டும். அமேசான் 2016 டிசம்பரில் தமிழில் கிண்டில் நூல்களைக் கொண்டுவந்தது. நூலை ஏற்றும்போது ‘கேடிபி செலக்ட்’ என்ற திட்டத்தில் சேரச் சொல்லிக் கேட்கும். சேர்ந்தால் கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிப்பதற்கும் பணம் வரும், இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமைத்தொகை கிடைக்கவும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் இங்கே 35 சதவீதம்தான். ஆனால் சேர்ந்த 90 நாளுக்கு மின்னூல் வடிவத்தை வேறெங்கும் விற்கவோ இலவசமாகத் தரவோ கூடாது, உங்கள் சொந்தத் தளம் உட்பட. அந்த 90 நாள் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மாதிரிக்காக நூலில் 10 சதவீதம் வரை தளத்தில் வைக்கவும் அனுமதி உண்டு.

உங்கள் வாசகர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் என்றால், இரண்டிலும் வைப்பதைவிட அந்தத் திட்டத்தில் சேர்ந்து மின்னூலைக் கிண்டிலில் மட்டும் விற்கத்தான் நான் சொல்வேன். அவர்களுக்கு யுபிஐ பெரும்பாலும் பயன்படாது, ஒரு மெல்லிய கவிதை நூலுக்கு விமானத் தபால் செலவு நூலின் விலையையே தாண்டிவிடும். தளத்திலிருந்து பிடிஎஃபை எடுத்துவிட்டு, பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் நான்கைந்து கவிதைகளை யூனிகோடில் போட்டு, கீழே கிண்டில் இணைப்பும் அச்சுப் பிரதிக்கான வாட்ஸ்அப் இணைப்பும் வையுங்கள். கவிதைகளைப் போடும்போது கைப்பேசித் திரையில் வரி எங்கே உடைகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய பிடிஎஃபில் மூன்றாவது கவிதையின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது, அது இல்லாமல் கவிதையே வேறு அர்த்தம் தருகிறது. கிண்டிலில் ஏற்றுமுன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.